ஜாதிக்காய்க் கணக்கு

வங்கியில் எனக்குக் கையெழுத்து வாங்குகிற வேலை. கடன் பத்திரத்தை நீட்டுவேன். முழுக்க இங்கிலீஷ். எதிரே நிற்கிற அம்மா, "எங்க சார் வைக்கணும்?" என்று கேட்டு, விரலை மையில் ஒற்றி வைத்துவிட்டுப் போகும். என்ன எழுதியிருக்கிறது என்று அந்தம்மா கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. தவணை தவறும்போதுதான் அந்தக் காகிதம் வாய் திறக்கும்.

காலனியம் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இந்தக் காகிதம் ஞாபகம் வருகிறது. வெள்ளைக்காரன் வியாபாரம் பண்ண வந்தான், பிறகு நாட்டைப் பிடித்தான் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். விருந்தாளியாக வந்தவனுக்கு நடுவில் புத்தி கெட்டுப்போன மாதிரி. இந்த 'பிறகு' என்கிற வார்த்தை சுத்தப் பொய். வியாபாரமும் படையெடுப்பும் ஒரே பேரேட்டின் வரவுப் பக்கமும் செலவுப் பக்கமும்தான். பாண்டாத் தீவுகளின் கதை இதற்குச் சாட்சி.

இன்றைய இந்தோனேஷியாவின் கிழக்கில் சின்னஞ்சிறு தீவுகள் அவை. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகத்துக்கே ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும் அங்கிருந்துதான் போயின. (பேரைப் பாருங்கள் தோழர்களே, காயைக்கூட விட்டு வைக்கவில்லை.) அங்கே ராஜா கிடையாது. 'ஓராங் காயா' எனப்பட்ட பெரிய மனிதர்கள் கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். யார் வந்தாலும் விற்பார்கள். தின்கிற அரிசியும் உடுத்துகிற துணியும் வெளியிலிருந்து வந்தாக வேண்டும்.

1602ல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி உருவானது. பங்கு விற்றுச் சுமார் 64 லட்சம் கில்டர் மூலதனம் திரட்டினார்கள். கோட்டை கட்டலாம், படை வைத்துக்கொள்ளலாம், ஒப்பந்தம் போடலாம் என்று சாசனத்திலேயே எழுதிக்கொடுத்தாயிற்று. துப்பாக்கி முதல் பக்கத்திலேயே இருக்கிறது. அதே வருஷம் பாண்டாவின் சில பெரியவர்களிடம் டச்சுக்காரர்கள் கையெழுத்து வாங்கினார்கள். இனி ஜாதிக்காயை எங்களுக்கு மட்டுமே விற்க வேண்டும்!

அரிசி கொண்டு வருகிறவனுக்கு விற்காமல் என்ன செய்வார்கள்? விற்றார்கள். இங்கிலீஷ்காரனுக்கும் விற்றார்கள். 1609ல் கோட்டை கட்ட வந்த டச்சுத் தளபதியை ஆட்களோடு கொன்றும் போட்டார்கள். காகிதம் வாய் திறந்தது. ஒப்பந்த மீறல்!

வந்தான் யான் பீட்டர்ஸோன் கூன். ரோம் நகரத்தில் கணக்கு எழுதப் பழகியவன். 1613ல் கீழைத்தேசத்தில் கம்பெனியின் தலைமைக் கணக்கன். நம்ம தொழில்காரன்தான். போர் இல்லாமல் வியாபாரம் இல்லை, வியாபாரம் இல்லாமல் போரும் இல்லை என்று 1614லேயே மேலிடத்துக்கு எழுதிவிட்டான். 1621ல் கவர்னர் ஜெனரலாகப் படையோடு பாண்டாவில் இறங்கினான். கூலிக்கு அமர்த்திய ஜப்பானியரை வைத்து 44 பெரியவர்களை வெட்டினான். சுமார் 15,000 பேர் வாழ்ந்த தீவுகளில் கடைசியில் ஆயிரம் பேர் மிஞ்சியிருக்கலாம் என்கிறார்கள். மற்றவர்கள் கொலையுண்டார்கள், பட்டினியில் செத்தார்கள், பிடித்துக் கப்பலேற்றப்பட்டார்கள். கொஞ்சம் பேர் தப்பி ஓடினார்கள். இந்தக் கணக்கனுக்கு 1893ல் அவன் பிறந்த ஹூர்ன் ஊரில் சிலை வைத்தார்கள்.

மரம் நிற்கிறது, பறிக்க ஆளில்லை. தோட்டங்களை 68 பங்காகக் கூறுபோட்டு, பல கரைகளிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அதில் சோழமண்டலக் கரையும் ஒன்று. பழவேற்காட்டில் 1613ல் எழுந்தது டச்சுக்காரனின் கெல்டிரியா கோட்டை. நம் நெசவாளி நெய்த துணியைக் கொடுத்துத்தான் கிழக்கே வாசனைச் சரக்கு வாங்கினான். பஞ்சம் வந்தால் துணியோடு ஆட்களையும் ஏற்றினான். யார் அந்த ஆட்கள்? பஞ்சத்தில் முதலில் யார் வீட்டுப் பானை காயும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வெள்ளையன் வருமுன் இங்கே தேனும் பாலும் ஓடியது என்கிறார் தேசியவாதி. யார் வீட்டில் ஓடியது என்று கேட்போம். வெள்ளையன்தான் நமக்குப் பள்ளிக்கூடமும் பட்டாள வேலையும் தந்தான் என்று நம் பக்கத்துத் தோழர்களும் சொல்கிறார்கள். அது வேறு கம்பெனி, வேறு நூற்றாண்டு; கிடைத்தது உண்மை, மறுக்கவில்லை. ஆனாலும் நன்றிக்கடன் எழுதுமுன் பழைய பேரேட்டையும் ஒருதரம் புரட்டிவிடுங்கள். அதில் நம்மாள் மூட்டைகளுக்கு நடுவே இன்னொரு சரக்கு. விற்றவன் உள்ளூர், வாங்கியவன் அயலூர். ரெண்டு பேருக்கும் கணக்கு நேராகிவிட்டது. நமக்குத்தான் இன்னும் நேராகவில்லை.

இப்போதெல்லாம் விரல் வைக்க வருகிற அம்மாவுக்குப் பத்திரத்தை வரி வரியாகத் தமிழில் சொல்லிவிட்டுத்தான் மைப்பெட்டியை நகர்த்துகிறேன். வரிசை நீள்கிறது. மேனேஜர் முறைக்கிறார். முறைக்கட்டும்.