கரை சேர்ந்த பிறகு

பெரிய விஞ்ஞானக் கருவிகளைக் கப்பலில் அனுப்புகிறவர்கள் அலைக்கும் புயலுக்கும்தான் பயப்படுகிறார்கள். எனக்கென்னவோ, கப்பல் கரை சேர்ந்த பிறகு வரும் நாட்களை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது.

தென்னிந்தியாவை அளக்க ஆங்கிலேய அதிகாரி வில்லியம் லாம்ப்டன் லண்டனிலிருந்து வரவழைத்த, கோணம் அளக்கும் தியோடலைட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். வில்லியம் கேரி செய்தது. மூன்றடி விட்டத்தில் பாகைக் கோடுகள் வெட்டிய வட்டம். மொத்தம் அரை டன் எடை. வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்து மொரீஷியசுக்குக் கொண்டுபோய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே இருப்பது என்னவென்று தெரிந்ததும், தீவின் கவர்னர் பாராட்டுக் கடிதத்தோடு சென்னைக்கே அனுப்பிவைத்தார். எதிரி கைக்குப் போயும் 1802-ல் பத்திரமாக வந்து சேர்ந்தது.

அடிபட்டது 1808-ல், தஞ்சாவூரில். காவிரிப் படுகையில் குன்று கிடையாது. தோப்புகள் பார்வையை மறைக்கும். அதனால் கோபுரங்களின்மேல் கருவியை ஏற்றி அளந்தார்கள். பெரிய கோயில் விமானத்துக்குத் தூக்கும்போது, பெட்டியை விலக்கிப் பிடித்திருந்த கயிறு அறுந்து, பெட்டி சுவரில் போய் மோதியது. வட்டம் நெளிந்துவிட்டது. நெளிந்த வட்டத்தில் எந்தக் கோணத்தையும் நம்ப முடியாது. லாம்ப்டன் கூடாரத்துக்குள் போய் உட்கார்ந்தார். பெரிய பலகையில் சரியான அளவுக்கு ஒரு வட்டம் வரைந்துகொண்டு, ஆப்பு, திருகு, கப்பி வைத்து இம்மி இம்மியாக இழுத்தார். வளைந்த ஆரக்கால்களை மரச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தினார். ஆறு வாரம் ஆயிற்று. அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. கருவி மறுபடி அளக்கப் போனது.

வெப் விண்தொலைநோக்கிக்கும் ஏறக்குறைய இதுவே நடந்தது. ஈரமும் வெப்பமும் கட்டுப்படுத்திய 110 அடி நீளப் பெட்டிக்குள், கலிபோர்னியாவிலிருந்து பனாமா கால்வாய் வழியாக 16 நாள் பயணம். 2021 அக்டோபரில் பிரெஞ்சு கயானாவில் நல்லபடியாக இறங்கியது. அடுத்த மாதம், கட்டடத்துக்குள், ராக்கெட்டில் பொருத்தும் வேலையின்போது ஒரு பிணைப்புப் பட்டை திடீரென்று விடுபட்டுத் தொலைநோக்கி முழுவதும் அதிர்ந்தது. சோதித்ததில் சேதமில்லை, ஏவும் தேதி மட்டும் தள்ளிப்போனது.

பெட்டிக்கும் நுரைமெத்தைக்கும் அதிர்வு பதியும் கருவிக்கும் செலவழிப்பது சரிதான். ஆனால் கடைசி நாளில் கயிறு பிடிக்கிறவர்களிடம், உள்ளே இருப்பது என்ன, உடைந்தால் ஏன் இன்னொன்று கிடைக்காது என்று யாராவது உட்கார்த்திச் சொல்கிறார்களா? தூக்கத் தொடங்கும் முன் அதற்கு அரைமணி நேரம் ஒதுக்கச் சொல்வேன். கயிற்றையும் அவர்களே ஒருமுறை பாரம் கட்டி இழுத்துப் பார்க்கட்டும்.