டிசைன் ஒண்ணு, கோடிங் வேற: ‘ஒரே மூலம்’ யோசனை கடைமடைக்கு வருமா?

டெல்டாவில் நெல் விற்கப் போகும் விவசாயிக்கு ஓர் எண் மனப்பாடம்: 17. அரசு கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. மழை கெடுத்துவிட்டால் மத்திய அரசு இதைத் தளர்த்துவதுண்டு. 2022 அக்டோபரில் 19 சதவீதம் வரை அனுமதி கிடைத்தது.

இப்போது ஒரு கற்பனை. விவசாயிகளுக்காக ஒரு செயலி இருக்கிறது. விதி தளர்ந்ததும் புரோகிராமர் கோடிங்கில் 19 என்று மாற்றிவிட்டார். டிசைனரின் கோப்பில் ‘17-க்கு மேல் போனால் சிவப்பு’ என்றே கிடக்கிறது. பிறகு வேறொருவர் அந்தக் கோப்பைப் பார்த்துத் திரையைப் புதுப்பிக்கிறார். பழைய சிவப்பு திரும்பி வந்துவிடுகிறது. 18 சதவீத ஈரத்தோடு நிற்கும் விவசாயி சிவப்பைப் பார்த்ததும் என்ன செய்வார்? வந்த விலைக்குத் தனியார் வியாபாரியிடம் தள்ளிவிடுவார்.

டிசைனும் கோடிங்கும் விலகிப்போவதன் விலை இதுதான்.

தீர்வு என்கிறார்களே, அது என்ன?

‘டிசைன் டோக்கன்’ என்பது அதன் பெயர். நிறம், எழுத்தளவு, இடைவெளி எல்லாவற்றுக்கும் பெயர் வைத்து ஒரே கோப்பில் எழுதிவிடுவார்கள். டிசைனரின் ஃபிக்மாவும் புரோகிராமரின் கோடிங்கும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும். ‘எச்சரிக்கை நிறம்’ என்பதை அங்கே ஒருமுறை மாற்றினால் ஆண்ட்ராய்டு, ஐபோன், இணையதளம் மூன்றுக்கும் அதே மாற்றம் போகும். சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனத்தில் சுமார் பத்தாண்டுகளுக்கு முன் பிரபலமான யோசனை இது. இதற்கான பொது வடிவத்தின் முதல் நிலையான பதிப்பை டபிள்யூ3சி-யின் சமூகக் குழு 2025 அக்டோபரில் வெளியிட்டது.

தஞ்சாவூரிலேயே 2024 செப்டம்பரில் மினி டைடல் பூங்கா திறந்தாகிவிட்டது. இங்கே வேலை பார்க்கும் சின்ன டீம்களும் இந்த யோசனையை எடைபோட வேண்டிய நேரம் இது.

எங்கே உதவும், எங்கே உதவாது?

நல்ல யோசனைதான். ஆனால், மூன்று ஓட்டைகள் உண்டு.

ஒன்று, டோக்கன் காப்பாற்றுவது மதிப்புகளை மட்டுமே. சிவப்பு எல்லாத் திரையிலும் ஒரே சிவப்பாக இருக்கும். எப்போது சிவப்பாக வேண்டும் என்பது அந்தக் கோப்பில் இருக்காது. 17-ஆ, 19-ஆ என்ற விதிக்குச் சர்வரில் தனியாக ஓர் இடம் வேண்டும். எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்ற குறிப்போடு.

இரண்டு, தமிழ். ‘சப்மிட்’ அடங்கும் பொத்தானில் ‘சமர்ப்பிக்கவும்’ அடங்காது. டோக்கன் சரியாக இருந்தாலும் எழுத்து பாதியில் வெட்டுப்படும். தமிழ் பயனாளருக்கான திரையைத் தமிழிலேயே வரைந்து பார்ப்பதுதான் இதற்கு வழி.

மூன்று, கடைமடை. கல்லணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்ற செய்தியால் கடைமடை வயல் நனைந்துவிடாது. மூலக் கோப்பை மாற்றிவிட்டோம் என்பதும் அப்படித்தான். செயலியை ஒரு வருடமாக அப்டேட் செய்யாத போனில் பழைய மதிப்புதான் ஓடிக்கொண்டிருக்கும்.

எப்படிச் சோதிப்பது?

கருவி விற்பவரின் டெமோவை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். உங்கள் செயலியில் ஒரே ஒரு மதிப்பை மாற்றுங்கள். டிசைன் கோப்பு, கோடிங், பழைய போன் என்று மூன்று இடத்திலும் அது வந்து சேர எவ்வளவு நேரம் ஆகிறது? ஓரிடத்தில் வரவில்லை என்றால் அதை முதலில் கவனிப்பது யார்: தானியங்கிச் சோதனையா, டீமில் ஒருவரா, பயனாளரா?

பயனாளர்தான் என்றால், கருவி வாங்குவதைத் தள்ளிவையுங்கள். டிசைனும் கோடிங்கும் முரண்பட்டால் எது செல்லும், அதைத் திருத்த வேண்டியவர் யார் என்பதை டீம் முதலில் எழுதிவைக்கட்டும். அதற்குப் பைசா செலவில்லை.