முக்கால் கிலோ ஏமாற்றம்

போன தீபாவளி போனஸில் ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வாங்கினேன். விலையைச் சொல்ல மாட்டேன், வீட்டிலும் இந்தப் பத்திரிகை வாங்குகிறார்கள். இரண்டு ஃபேன், கிட்டத்தட்ட முக்கால் கிலோ கனம். "இதை மாட்டுங்க சார், வீடியோ வேலையெல்லாம் பறக்கும்" என்றார் ரிச்சி தெருக் கடைக்காரர்.

பறக்கவில்லை. நொண்டியது.

விஷயம் இதுதான். தங்கை கல்யாணத்தை எடிட் செய்து கொடுத்த கேமராக்காரரின் இரண்டரை மணி நேரப் படத்தில் ட்ரோன் உண்டு, ஸ்லோமோஷன் உண்டு, அப்பா மட்டும் இல்லை. மனிதர் பந்தியை விட்டு நகரவே இல்லை. வெட்டாத மூல ஃபைல்களில் எங்காவது இருப்பார். கல்யாணம் முடிந்த ஐந்தாம் மாதம் போய்விட்டார். "முதல் வருஷத் திதிக்குள்ள அப்பா வர்ற இடத்த மட்டும் எடுத்துக் குடுப்பியாடா?" என்று அம்மா ஒரே ஒரு தடவை கேட்டாள். ஒரு தடவை மட்டும் கேட்டதுதான் கஷ்டம்.

அதே ஃபைல்கள் கார்டு வாங்குவதற்கு முன் எடிட்டிங் சாஃப்ட்வேரில் ஒழுங்காக ஓடியவை. இப்போது படம் இரண்டு விநாடி நகரும், நாலு விநாடி நிற்கும். நாதஸ்வரம் மட்டும் கவலையில்லாமல் போய்க்கொண்டிருக்கும்.

பழைய டிரைவரைத் துடைத்து, புது டிரைவர் போட்டேன். ஒயரை மாற்றினேன். கடைக்காரருக்கு போன் செய்தேன். "கேம் ஓடுதா சார்?" ஓடுகிறது, பிரமாதமாக. "அப்ப கார்டு நல்லாத்தான் இருக்கு!" வைத்துவிட்டார்.

திதிக்கு எட்டு நாள்.

அன்று ராத்திரி டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு வீடியோவை ஓட்டினேன். சிபியு நூறு சதவிகிதத்தில் மூச்சு வாங்குகிறது. கார்டின் பக்கத்தில் 'வீடியோ டீகோட்' என்ற கோடு பூஜ்யத்தில் படுத்திருக்கிறது. முக்கால் கிலோவும் சும்மா உட்கார்ந்திருக்கிறது!

காரணம் புரிய இன்னொரு ராத்திரி ஆனது. 1920க்கு 1080 அளவில் ஒரே ஒரு ஃபிரேம், சுருக்காமல் வைத்தால், சுமார் 62 லட்சம் பைட். விநாடிக்கு 25 ஃபிரேம். அதனால்தான் வீடியோவை மடித்து மடித்துச் சுருட்டி வைக்கிறார்கள். பிரித்துப் போடுவதற்கு சிப்பில் தனியாக ஒரு மூலை உண்டு. கேமுக்கு உழைக்கிற பகுதி வேறு, இது வேறு. அந்த மூலைக்குத் தெரிந்த மடிப்பைத்தான் அது பிரிக்கும். கல்யாணக் கேமராக்கள் இப்போது ஹெச்.265-ல் 10 பிட், 4:2:2 என்று ஒரு ரகத்தில் எடுக்கின்றன. வழக்கமான 4:2:0-வைவிட நிறத் தகவல் இரண்டு மடங்கு. என் கார்டுக்கு அந்த மடிப்பு தெரியாது.

அப்படியானால் இத்தனை நாள் பிரித்தது யார்? இன்டெல் பிராசஸருக்குள்ளேயே ஓசியில் வருகிற கிராஃபிக்ஸ்! (11-ம் தலைமுறையிலிருந்தே இது செய்யும். மாடல் எண் 'எஃப்' என்று முடிந்தால் அந்தப் பகுதி கிடையாது, வாங்கும்போது கவனியுங்கள்.) புது கார்டு வந்ததும் மதர்போர்டு அதைத் தூங்கப் பண்ணிவிட்டது. எங்கள் ஆபீஸில் புது மேனேஜர் வந்த அன்றே பழைய ஹெட் கிளார்க்கை ரெக்கார்டு ரூமுக்கு அனுப்பினார்கள். மறுநாள் எந்த ஃபைல் எங்கே என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. அந்தக் கதைதான்.

கம்ப்யூட்டரை ஆன் செய்யும்போதே டெலீட் பட்டனைத் தட்டி பயாஸுக்குள் போனேன். 'ஐஜிபியு மல்டி மானிட்டர்' என்று ஒரு வரி. (போர்டுக்குப் போர்டு பெயர் மாறும்.) எனேபிள். இன்டெல் டிரைவர் போட்டு, எடிட்டிங் சாஃப்ட்வேரின் டீகோடிங் செட்டிங்கில் இன்டெல்லை டிக் செய்தேன். செலவு, சைபர்.

படம் ஓடியது. தண்ணீர் மாதிரி.

திதிக்கு முந்தின நாள் சாயங்காலம் அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். மொத்தம் 11 விநாடி. அப்பா இலை ஓரமாக நடந்து வருகிறார், கேமராவைப் பார்க்கிறார், கையை நீட்டி மறைக்கிறார். "எடுத்தது போதும் தம்பி, மொதல்ல போய் சாப்பிடு. ரசம் ஆறுது."

அம்மா இன்னொரு தடவை போடச் சொன்னாள். போட்டேன்.

"அவரு கடைசி பந்தியிலதான் சாப்பிட்டாரு. ரசம் தீந்துபோச்சு" என்றாள்.