விற்பனைக்கு வரும் ‘சியாமாசெட்டி’

பழைய கார்களைப் போலவே பழைய இலகுரக விமானங்களையும் தேடி வாங்கிச் சேர்ப்பவர்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். அந்தச் சந்தையில் நல்ல மதிப்போடு புழங்கும் பெயர்களில் ஒன்று சியாய் மார்கெட்டி எஸ்.எப்.260. எங்கள் ஊர்களில் அதற்கு ‘சியாமாசெட்டி’ என்று பெயர். இத்தாலியர்கள் ‘மார்கெட்டி’ என்றே உச்சரிப்பார்கள். ஆங்கில எழுத்தைப் பார்த்து வாசித்ததில் எங்களுக்கு அது செட்டி ஆகிவிட்டது.

எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில் சிறுவர்களாக இருந்தவர்களைக் கேட்டால் இந்த விமானத்தின் சத்தத்தை வாயாலேயே செய்து காட்டுவார்கள். அது வட்டமடிக்கிறதா, பதிகிறதா என்று சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துப் பதுங்கு குழிக்குள் ஓடிய தலைமுறை அது. அதே விமானம் வெளிநாட்டு விற்பனை விளம்பரங்களில் ‘ஆகாயத்தின் பெராரி’.

அந்த வர்ணனையில் பொய் இல்லை. இத்தாலிய வடிவமைப்பாளர் ஸ்டெலியோ பிராட்டி வரைந்த இந்த விமானத்தின் முதல் வடிவம் 1964 இல் பறந்தது. முழுவதும் உலோகத்தாலான உடல், இறக்கை நுனிகளில் எரிபொருள் தாங்கிகள், உள்ளே மடங்கும் சில்லுகள், 260 குதிரைவலுக் கொண்ட அமெரிக்க லைக்கொமிங் எஞ்சின். முன்னால் இருவர் அருகருகே இருக்கலாம், பின்னால் ஒருவர். மணிக்கு 300 கிலோமீற்றருக்கு மேல் போகும், வானில் கரணமடிக்கும். பணமும் விமானி அனுமதிப்பத்திரமும் உள்ள ஒருவர் இதை விரும்புவதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அமெரிக்காவில் பொதுமக்களிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு பொய்யான வான்சண்டை நடத்திக் காட்டும் வியாபாரத்திலும் இதே விமானங்கள் பறந்திருக்கின்றன.

வாங்க வருபவர் முதலில் கேட்பது விமானத்தை அல்ல, அதன் பதிவேடுகளை. உடலுக்கு ஒன்று, எஞ்சினுக்கு ஒன்று, சுழலிக்கு ஒன்று. தொழிற்சாலையை விட்டு வந்த நாளிலிருந்து எத்தனை மணித்தியாலம் பறந்தது, எஞ்சின் எப்போது முழுதாகக் கழற்றிப் பூட்டப்பட்டது, எந்தப் பாகத்தை எந்தத் தொழில்நுட்பவியலாளர் மாற்றிக் கையெழுத்திட்டார், எங்காவது சில்லு விரியாமல் வயிற்றால் இறங்கியதா? எல்லாம் அதில் இருக்க வேண்டும். கரணமடிக்கும் பறப்புகள் இறக்கையின் உள்தண்டைத் தளர்த்தும் என்பதால் அந்த மணித்தியாலங்களைப் பற்றியும் துருவித் துருவி விசாரிப்பார்கள். இடையில் சில வருடங்களுக்கான பதிவேடு தொலைந்துபோயிருந்தால், பெயின்ற் எவ்வளவு பளபளத்தாலும் விலை விழும். ‘பதிவேடுகள் முழுமையாக உள்ளன, விபத்து வரலாறு இல்லை’ என்ற இரண்டு வசனங்களுக்குத்தான் வாங்குபவர் பணம் கொடுக்கிறார்.

அறுபது வருடப் பழைய இயந்திரம் ஒன்றின் ஆயுளை மணித்தியாலக் கணக்கில் கடதாசியில் பாதுகாக்க முடியும் என்பதை இந்தச் சந்தை காட்டுகிறது. போரில் பறந்த விமானங்களுக்கும் பதிவேடு உண்டு. இராணுவ விமானம் ஒன்று யார் அனுமதித்தார்கள், யார் ஓட்டினார்கள், என்ன சுமந்தது என்று எழுதாமல் தளத்தை விட்டுக் கிளம்புவதில்லை. திரும்பி வந்தபின்னும் எழுதவேண்டும், ஏனென்றால் அடுத்த பராமரிப்பு எப்போது என்பது அந்த மணித்தியாலக் கணக்கில்தான் தங்கியிருக்கிறது. அந்தக் கணக்குகள் எங்கே என்பதுதான் எங்களுடைய கேள்வி.

எஸ்.எப்.260 இன் இரட்டை வாழ்க்கை தற்செயலானதல்ல. அது விற்கப்பட்ட விதமே அப்படி. அடிப்படையில் அது ஒரு பயிற்சி விமானம். 1972 இல் ‘வொரியர்’ என்ற வடிவம் வந்தது. அதன் இறக்கைகளுக்குக் கீழே 300 கிலோ வரை குண்டோ ரொக்கெற்றோ பூட்டலாம். ஜெற் விமானம் வாங்க வசதியில்லாத, அல்லது வாங்கினால் கேள்வி வரும் என்று அஞ்சிய அரசுகளுக்கு இது வசதியாக இருந்தது. ரொடீசியாவின் வெள்ளையின ஆட்சி ஐ.நா. தடைகள் நடைமுறையில் இருந்தபோதே எழுபதுகளின் இறுதியில் இவற்றைப் பெற்று, ‘ஜெனெட்’ என்று பெயர் மாற்றிப் பறக்கவிட்டது. பிலிப்பைன்ஸ் 2017 இல் மாராவி நகரில் இதையே பயன்படுத்தியது. அங்கு வீசப்பட்ட குண்டொன்று இலக்குத் தவறி, சொந்தப் படையினரில் பத்துப் பேருக்குக் குறையாதவர்களைக் கொன்றது.

இலங்கை விமானப்படை எண்பதுகளின் நடுப்பகுதியில் வாங்கியது இதன் டேர்போ எஞ்சின் பூட்டிய வடிவம். அப்போது விமானப்படையிடம் தாக்குதல் ஜெற்றுகள் இருக்கவில்லை, அவை 1991 இல்தான் வந்தன. 1987 மே மாதம் வடமராட்சியில் ‘ஒப்பரேசன் லிபரேசன்’ தொடங்கிய நாட்களில் வானிலிருந்து தாக்கக்கூடியதாக அரசிடம் இருந்தவை ஹெலிகளும், இந்தச் சியாமாசெட்டியும், சரக்கு விமானத்திலிருந்து உருட்டிவிடும் குண்டுகளுமே.

பயிற்சி விமானத்தால் சொந்த நாட்டு மக்களைத் தாக்கும் வழக்கம் தமிழரோடு தொடங்கியதும் அல்ல. 1971 இல் ஜே.வி.பி. கிளர்ச்சியை அடக்க, களஞ்சியத்தில் கிடந்த ‘ஜெற் புரவஸ்ற்’ விமானங்களை வெளியே எடுத்துத் தெற்கின் சிங்கள இளைஞர்கள் மீது ஏவினார்கள். பிரித்தானியாவில் விமானிகளைப் பழக்குவதற்கென்று செய்யப்பட்ட விமானம் அது. இன்று அதுவும் அங்கே சேகரிப்பாளர்களின் செல்லப்பிள்ளை.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. விடுதலைப் புலிகள் 2007 மார்ச்சில் கட்டுநாயக்கவில் குண்டு வீசியது செக் நாட்டுத் தயாரிப்பான சிலின் 143 என்ற நான்கு இருக்கை விமானத்தால். 2009 பெப்ரவரி 20 இரவு கொழும்பு இறைவரித் திணைக்களக் கட்டடத்தில் மோதியதும் அந்த வகைதான். பறப்புக் கழகங்களில் நிற்கும் சாதாரண விமானம் அது. பெராரி என்று புகழப்படும் சியாமாசெட்டியின் சிவில் வடிவத்தில் இருக்கும் லைக்கொமிங் எஞ்சினின் குடும்பத்தைச் சேர்ந்ததே சிலினிலும் இருக்கிறது.

ஆயுத வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் விதிகள் இந்த இடத்தில்தான் தடுமாறுகின்றன. ஆயுதக் கொடுக்கல் வாங்கல்களுக்கான ஐ.நா. பதிவேடு, ஆரம்பப் பயிற்சி விமானங்களைத் தாக்குதல் விமானங்களாகக் கணக்கிடுவதில்லை, அவை ஆயுதம் ஏந்தும்படி வடிவமைக்கப்பட்டோ மாற்றப்பட்டோ இருந்தால் ஒழிய. விற்கும்போது வெறும் பயிற்சி விமானம், வாங்கியபின் பூட்டிக்கொள்வது வாங்கியவர் பாடு என்றால் யார் கணக்கிடுவது? சுவிற்சர்லாந்து தனது பிலாட்டஸ் பயிற்சி விமானங்கள் குறித்து இதே விவாதத்தைப் பல பத்தாண்டுகளாக நடத்துகிறது. 2008 இல் சாட் நாடு அவற்றில் ஒன்றை டார்பூர் தாக்குதலில் பயன்படுத்தியபோது அந்த விவாதம் மீண்டும் வெடித்தது. ஆயுத வர்த்தக உடன்படிக்கை 2013 ஏப்ரலில் ஐ.நா. பொதுச்சபையில் வாக்கெடுப்புக்கு வந்தபோது 154 நாடுகள் ஆதரித்தன. வாக்களிக்காமல் விலகியிருந்த 23 நாடுகளில் இலங்கையும் ஒன்று.

மறுபடியும் பதிவேட்டுக்கு வருவோம். விற்பனைக்கு வரும் எல்லா எஸ்.எப்.260 உம் போரில் பறந்தவை அல்ல, பல தனியாரின் கொட்டகைகளிலேயே காலம் கழித்தவை. ஆனால் இராணுவத்தில் இருந்த விமானம் என்றால் அதை விற்பவர்கள் ஒளிப்பதில்லை. படையின் பழைய நிறத்தையும் இலக்கத்தையும் திரும்பப் பூசி, அதையே ஒரு கவர்ச்சியாக முன்வைப்பதும் உண்டு. ‘போர் வரலாறு’ விலையைக் கூட்டும் சொல், குண்டு எங்கே விழுந்தது என்பது மட்டும் அந்த வரலாற்றில் சேராது.

எங்கள் பக்கத்தில் நிலைமை தலைகீழ். எங்கே விழுந்தது என்று மக்களுக்குத் தெரியும். நாளும் நேரமும் இறந்தவர்களின் பெயர்களும் தெரியும். நவாலி தேவாலயத்தில் 1995 யூலை 9 அன்று குண்டு விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்ததை ஊர் ஒவ்வொரு வருடமும் நினைவுகூர்கிறது. அப்போது சியாமாசெட்டியின் காலம் முடிந்து ‘புக்காரா’வின் காலம். எந்த இலக்க விமானம், எந்தத் தளத்திலிருந்து, யாருடைய கட்டளையில் என்ற பக்கம்தான் மக்கள் கையில் இல்லை.

அதைக் கேட்பதற்கு வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் தேசிய பாதுகாப்பைக் காரணம் காட்டித் தகவலை மறுக்க இடமளிக்கிறது. ஆனால் அதே 5 ஆம் பிரிவு, வெளியிடுவதால் வரும் பொதுநன்மை தீங்கைவிடப் பெரிதாக இருந்தால் மறுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. சேவையிலிருந்து எப்போதோ நீக்கப்பட்ட விமானம் ஒன்றின் பறப்புக் குறிப்பு இன்று எந்தப் பாதுகாப்பைக் குலைக்கும் என்று விளக்கவேண்டிய பொறுப்பு மறுப்பவருக்கே உரியது. 2021 இல் மனித உரிமைப் பேரவையின் 46/1 தீர்மானத்தால் தொடங்கி, பின்னர் நீடிக்கப்பட்ட சாட்சியச் சேகரிப்புக்கும் இத்தகைய ஆவணங்கள் தேவை. உறவினரின் வாக்குமூலத்தோடு ஒரு பறப்புப் பதிவு பொருந்தினால் அந்த வாக்குமூலத்தின் கனம் வேறு.

விண்ணப்பம் எழுதுபவர்கள் ‘குண்டுவீச்சு பற்றிய தகவல்’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான மறுப்பே வரும். விமானத்தைச் சந்தையில் வாங்குபவர் கேட்பதுபோல் கேட்கவேண்டும். குறித்த திகதியில், குறித்த தளத்திலிருந்து எழுந்த விமானங்களின் இலக்கங்கள், கிளம்பிய நேரம், இறங்கிய நேரம், ஏற்றப்பட்ட சுமை, அனுமதித்த அதிகாரியின் பதவி. பதிவேடு அழிக்கப்பட்டுவிட்டது என்று பதில் வந்தால், எப்போது, எந்த உத்தரவின் கீழ் அழிக்கப்பட்டது என்று அடுத்த விண்ணப்பத்தில் கேட்கலாம்.