தேர் அளக்கும் தெரு

ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதிகளில் கடைகளின் தகரமும் படிக்கட்டும் ஆண்டு முழுக்க எவ்வளவு நீண்டிருந்தாலும், ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு முன் உள்ளே போயாக வேண்டும். ஆண்டாள் தேருக்கென்று ஓர் அகலம் உண்டு. தெரு அதற்குக் குறைந்தால் வடம் பிடித்தவர்கள் நின்றுவிடுவார்கள், ஊரே கேள்வி கேட்கும். நம் நகரமைப்புத் துறை அனுப்பும் நோட்டீஸ் எதற்கும் இந்த மரியாதை கிடைத்ததில்லை.

தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் ராஜபாளையம். ஒன்று திட்டமிட்ட ஊர், மற்றது தானாக வளர்ந்த ஊர் என்று பிரித்துவிடுவது நம் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ராஜபாளையத்தின் பழையபாளையம், புதுப்பாளையம், சிங்கராஜாகோட்டை ஆகியவை தத்தமக்கென ஓர் ஒழுங்கோடு அமைந்த குடியிருப்புகள். குழப்பம் அவற்றுக்கு இடையில் கிடந்த நிலத்தில்தான். 1936இல் ராஜபாளையம் மில் தொடங்கியது. பிறகு மில்கள் பெருகின, தொழிலாளர் வீடுகள் வந்தன. இவற்றை இணைக்கும் தெருக்களை மட்டும் யாரும் முன்கூட்டி வரையவில்லை. ஆகவே எல்லாம் தென்காசி சாலையில் வந்து கொட்டுகின்றன. கொல்லம் போகும் தேசிய நெடுஞ்சாலை 744ம் அதுவேதான். கேரள லாரியும் பள்ளி வேனும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்கின்றன.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் பெருமைப்பட வேண்டாம். ரத வீதியைத் தாண்டி நாலு தெரு போனால் அதுவும் ராஜபாளையம்தான்.

நகரமைப்பு அறிஞர் பேட்ரிக் கெடிஸ் 1914இல் சென்னை மாகாணத்துக்கு வந்தபோது நம் கோயில் நகரங்களைக் கண்டு வியந்தார். அதைக் கருத்தரங்குதோறும் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 38ஆம் பிரிவை எத்தனை பேர் மேடையில் பேசுகிறோம்? திட்டச் சாலைக்கென ஒதுக்கிய நிலத்தை மூன்று ஆண்டுக்குள் கையகப்படுத்தும் நடவடிக்கை எடுக்காவிட்டால் அது ஒதுக்கீட்டிலிருந்து விடுபட்டதாகிவிடும். தேர் வீதி நூற்றாண்டுகளாக நிற்கிறது; நாம் போடும் கோடு மூன்றே ஆண்டில் காலாவதி. வரைபடத்தில் குறையில்லை. வரைந்த பிறகு ஆண்டுக்கொரு முறை போய்ப் பார்ப்பார் இல்லை.

2017இல் வந்த வரன்முறை விதிகள் 20.10.2016க்கு முன் விற்ற அங்கீகாரமற்ற மனைகளுக்கு வழி திறந்தன. வாங்கியவர்களுக்கு அது நியாயம்தான். ஆனால் வரன்முறைப்படுத்திய ஆணை முட்டுச்சந்தை அடுத்த லேஅவுட்டோடு சேர்த்துவிடாது. விடுபட்ட பூங்கா நிலத்தையும் திருப்பித் தராது.

எனவே ஒரு கோரிக்கை. ஆடி பிறக்கும் முன், நகரமைப்பு ஆய்வாளரும் சர்வேயரும் புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஊரில் மிச்சமிருக்கும் ஒவ்வொரு திட்டச் சாலையையும் ஒருமுறை நடந்து அளக்கட்டும். எத்தனை அடி இருக்க வேண்டும், எத்தனை அடி இருக்கிறது, மூன்றாண்டுக் கெடு எந்தத் தேதியில் முடிகிறது என்று நகராட்சி வாசலில் ஒட்டட்டும். ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட்டிலிருந்தே தொடங்கலாம். அளந்தவர்கள் எங்களுக்கு அனுப்புங்கள். ஊர் பெயரோடு இந்த இதழில் அச்சிடுகிறோம்.