நாவல் எழுதியாச்சு... அப்புறம்?

என்ன பாஸ், செமஸ்டருக்கு நடுவுல கண்ணு முழிச்சு எழுதின முதல் நாவல் முடிஞ்சிருச்சா? வாழ்த்துகள்! ஆனா, கஷ்டமான கட்டமே இனிமேதான்.

பதிப்பகத்துக்கு அனுப்புவீங்க. ஒரு மாசம், மூணு மாசம், ஆறு மாசம்... சத்தமே இருக்காது. 'வேண்டாம்'னு சொல்லிட்டாக்கூட ஒருநாள் அழுதுட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். இந்த மௌனம் இருக்கே, அதுதான் ஆளைக் கொல்லும். போன் பண்ணினா, 'புக் ஃபேர் முடியட்டும் தம்பி' என்பார்கள். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியும் முடியும். பதில் மட்டும் வராது!

மனசு உடையறதுக்கு முன்னாடி ப.சிங்காரத்தைத் தெரிஞ்சுக்கங்க. மதுரை 'தினத்தந்தி'யில் வேலை பார்த்தவர். முதல் நாவல் 'கடலுக்கு அப்பால்' எழுதியது 1950-ல். பதிப்பாளர் கிடைக்காம அலைஞ்சு, 'கலைமகள்' போட்டியில் பரிசு வாங்கிய பிறகு, 1959-ல்தான் அது புத்தகமாச்சு. அடுத்த நாவல் 'புயலிலே ஒரு தோணி'. அதுவும் சுமார் 10 வருஷம் காத்துக்கிடந்து 1972-ல் வந்தது. இன்னைக்கு அது தமிழின் மிகச் சிறந்த நாவல்களில் ஒண்ணு. ஆனா, 1997-ல் இறக்கும்வரை அவரோட மூணாவது நாவல்னு ஒண்ணு வரவே இல்லை. நஷ்டம் யாருக்கு? நமக்குத்தான்!

ஸோ, பதில் வரலைன்னா நாவல் மோசம்னு அர்த்தம் இல்லை. தெரியாத பேரை நம்பி அச்சடிச்சா, விக்காத பிரதி குடோன்ல தூங்குமேன்னு பயம். அது அவங்க கணக்கு.

இந்த வெறுப்புல இருக்கும்போதுதான் ஒருத்தர் வருவார். 'பணம் கட்டுங்க, ஜம்முன்னு போட்டுடலாம்!' உஷார். எத்தனை பிரதி, யார் விற்பாங்க, ராயல்டி எவ்வளவு... எல்லாத்தையும் எழுத்துல கேளுங்க. 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்க சொந்தமா எழுதின நாவல் எழுதின நிமிஷத்திலிருந்தே உங்களோடது. பதிவு பண்ணணும்னு கட்டாயம்கூட இல்லை. நீங்க கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்தால்தான் அந்த உரிமை இன்னொருத்தருக்குப் போகும். அதனால, முழுசா படிச்சுட்டு அப்புறம் பேனாவைத் திறங்க.

சரி, காத்திருக்கிற மாசமெல்லாம் என்ன பண்றது? இன்னொண்ணு எழுதறது! சிங்காரத்தோட மூணாவது நாவல் நமக்குக் கிடைக்கப் போறதே இல்லை. உங்க ரெண்டாவது நாவலுக்கு அந்தக் கதி வேண்டாமே.

முதல் வரி ரெடியா?