தொழுமரத்தில் ஒரு படம்

போன கோடையில் ஜேர்மனியிலுள்ள சொந்தக்காரர் வீட்டுக்குப் போன வழியில் ரோத்தன்பேர்க்கில் இறங்கினோம். அங்கே மத்தியகாலக் குற்றவியல் அருங்காட்சியகம் ஒன்று உண்டு. அவமானப்படுத்துவதற்கென்றே செய்த இரும்பு முகமூடிகள், கழுத்தையும் கையையும் சேர்த்து மாட்டும் மரங்கள். தமிழில் தொழுமரம் என்பார்கள். வேதாகமம் வாசித்தவர்களுக்குத் தெரியும். பிள்ளைகள் தலையைக் கொடுத்தார்கள். நாங்கள் படம் எடுத்தோம், சிரித்தோம். பொபினிக்குத் திரும்பி அந்தப் படத்தைப் பார்த்தபோதுதான் உறுத்தியது.

பாரிசிலும் இது இருந்தது. லே ஆல் சந்தையில் எண்கோணக் கோபுரம், அதற்குள் சுழலும் மரச்சக்கரம். குற்றவாளியை மாட்டி நாலு பக்கச் சனமும் பார்க்கத் திருப்புவார்கள், அதுவும் சந்தை நாளில். சனமில்லாத நாளில் மாட்டி என்ன பயன்? சனத்தின் முன் நிறுத்திவைக்கும் தண்டனையை 1848இல் பிரெஞ்சுச் சட்டத்திலிருந்து எடுத்தார்கள்.

சட்டத்திலிருந்துதான் எடுத்தார்கள். 1940இல், நாசி ஆக்கிரமிப்பின் கீழ், பாரிசில் ஒரு வாரப்பத்திரிகை வந்தது. பெயரே 'ஓ பிலோரி': தொழுமரத்தில் ஏற்று! யூதர்களைக் காட்டிக்கொடுப்பதே அதன் தொழில். எங்கள் பொபினியின் பழைய ரயில் நிலையத்திலிருந்து 1943 யூலை முதல் 1944 ஓகஸ்ட் வரை, டிரான்சி முகாமிலிருந்து கொண்டுவரப்பட்ட 22,000க்கும் அதிகமான யூதர்கள் ஏற்றப்பட்டார்கள், பெரும்பாலும் அவுஷ்விட்சுக்கு. விசாவுக்காக விடியப்புறமே பிரெபெக்சர் வாசலில் வரிசையில் நின்ற எங்களில் எத்தனை பேர் அந்த நிலையத்தைப் போய்ப் பார்த்திருக்கிறோம்?

பிறகு விடுதலை வந்தது. ஜேர்மன்காரரோடு பழகினார்கள் என்று சொல்லி, நாடெங்கும் சுமார் 20,000 பெண்களின் தலையை மழித்தார்கள், பலரைத் தெருத்தெருவாக இழுத்துப்போனார்கள். விடுதலையைக் கொண்டாடிய அதே சனம்தான்.

இதை வாசிக்கையில் யாழ்ப்பாணத்து லைற் போஸ்ற் ஞாபகம் வரவில்லை என்று எங்களில் யாரும் சொன்னால் அது பொய். எண்பதுகளில் மின்கம்பத்தில் கட்டிச் சுட்டு, கழுத்தில் அட்டை தொங்கவிட்டது எங்கள் பெடியள். கள்ளன், சமூகவிரோதி, துரோகி. விசாரணையை யார் கண்டது? சைக்கிளை நிறுத்தி அட்டையை வாசித்துவிட்டு, "சும்மா செய்வாங்களே, ஏதோ இருக்கும்" என்று போனவர்கள் நாங்கள். அந்த ஒரு வசனத்தால் எத்தனை தாய்மாரின் வாயை அடைத்தோம்! அதற்கு முந்தி, எங்கள் கிணற்றில் அள்ளினான் என்று சாதி சொல்லி மரத்தில் கட்டி அடித்ததும் இதே ஊர்தான். அப்போதும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தோம்.

ஐரோப்பியன் தன் தொழுமரத்தை வைத்து நுழைவுச்சீட்டு விற்கிறான். விளையாட்டாக்கிவிட்டான் என்று திட்டலாம், திட்டவும் வேண்டும். ஆனால் ஒளித்துவைக்கவில்லை. நாங்களோ 2009 கழிந்தும் லாச்சப்பல் தேத்தண்ணிக் கடையில் யாரோ ஒருவனைத் துரோகி என்கிறோம். அவன் படம் கைத்தொலைபேசிகளில் சுற்றுகிறது. கம்பம்தான் இல்லை.

ரோத்தன்பேர்க்கில் பிள்ளைகளில் ஒருத்தி கேட்டாள்: "எங்கட ஊரிலயும் இது இருந்ததா?"

"இல்லை" என்றோம்.

அடுத்த கிழமை அவளைப் பொபினி நிலையத்துக்குக் கூட்டிப்போகிறோம். லைற் போஸ்ற்றைப் பற்றி அங்கே வைத்துத்தான் சொல்லவேண்டும்.